குறையும் விபத்து, மறையும் சைக்கிள்: கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை மிதிவண்டிப் பாதுகாப்பு

1. கேள்வி

தமிழ்நாட்டில் மிதிவண்டிப் பாதை பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்னையில் தொடங்கிக் கோவையில் முடிந்துவிடும். 2020 ஜூனில் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் நகரங்களுக்கிடையே சைக்கிள் போட்டி ஒன்றை அறிவித்தது. பொலிவுறு நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் ஆகியவை மட்டுமே அதில் சேரலாம். 2011 கணக்கெடுப்பில் 1,73,636 பேர் வாழ்ந்த கடலூருக்கும் 62,153 பேர் வாழ்ந்த சிதம்பரத்துக்கும் அதில் இடமில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் மீன் விற்கவும் சைக்கிள் மிதிக்கும் ஊர்கள் விடுபட்டு, விடுமுறைக் காலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மிதிக்கும் ஊர்கள் உள்ளே வந்ததில் எனக்கு வியப்பில்லை. கொள்கை வகுப்போர் கண்ணுக்குச் சைக்கிள் ஒரு வாழ்க்கைமுறைத் தேர்வாகத் தெரியத் தொடங்கிய பிறகு நடந்தது அது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. சாலையின் அமைப்பு சைக்கிள் ஓட்டுபவரின் உயிரை எந்த அளவுக்குக் காக்கிறது? வேறு நாடுகளில் கிடைத்த விடை கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரையிலான சாலைக்கும் வீதிக்கும் எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது? தனிப்பாதை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இங்கே ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் வாதம். இரு தரப்பும் பாதையைப் பார்க்கின்றன. ஓட்டுபவர் எண்ணிக்கையையும் பக்கத்தில் ஓடும் வண்டியின் வேகத்தையும் பார்ப்பதில்லை.

2. கணக்கும் கணக்கில் வராதவர்களும்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். இருசக்கர மோட்டார் வண்டிகளில் சென்றோர் அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு, நடந்து சென்றோர் ஏறத்தாழ 19 விழுக்காடு. சைக்கிளில் சென்றோர் 3 விழுக்காட்டை ஒட்டியே வருகிறார்கள். இந்த 3ஐக் காட்டி, சைக்கிள்காரர் பாதுகாப்பு பெரிய சிக்கல் அல்ல என்று சொல்லிவிடலாம். சொல்லவும் செய்கிறார்கள்.

மூன்று காரணங்களால் இந்த முடிவு நிற்காது. முதலாவது, வகைப்பாடு. இறந்தவர் எந்த வண்டியில் இருந்தார் என்பது காவல் நிலையப் பதிவிலிருந்து வருவது. அமைச்சக அறிக்கையில் நடந்து செல்வோர் மரணங்கள் குறைத்துப் பதிவாகின்றன என்று டெல்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து ஆய்வு மையத்தைச் சேர்ந்த தினேஷ் மோகன், கீதம் திவாரி உள்ளிட்டோர் நீண்ட காலம் வாதிட்டனர். நடப்பவர் பதிவில் குறை இருக்குமானால், சைக்கிள்காரர் பதிவை மட்டும் ஐயமின்றி ஏற்க முடியாது.

இரண்டாவது, உயிரிழப்புக்குக் கீழே உள்ள அடுக்கு. கால் முறிந்தவர், முழங்கை பெயர்ந்தவர், ஷேர் ஆட்டோ உரசி வாய்க்காலில் விழுந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போனவர் எவரும் காவல் நிலையப் படி ஏறுவதில்லை. இழப்பீடு கேட்கக் காப்பீட்டுத் தாள் வைத்திருப்பவருக்குத்தான் புகார் எழுதுவதில் பயன். சைக்கிளுக்குக் காப்பீடும் இல்லை, பதிவெண்ணும் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: வகுத்தல். எத்தனை பேர் அடிபட்டார்கள் என்ற எண்ணை, எத்தனை பேர் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்ற எண்ணால் வகுத்தால்தான் ஆபத்து தெரியும். கீழே வர வேண்டிய எண் நம்மிடம் இல்லை. மக்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று 2011 இந்தியக் கணக்கெடுப்பு கேட்டது. அதில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போவதாகத் தெரிந்தது. ஆனால் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், வீட்டுத் தொழில் செய்வோர் நீங்கலான உழைப்பாளர்களிடம் மட்டுமே அக்கேள்வி கேட்கப்பட்டது. மாணவர்கள் அதில் அறவே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த விடுபாடு சாதாரணமானதல்ல. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06இல் அனைவருக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள். பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் அரசே ஒரு வாகனத்தைக் கொடுக்கிறது. அந்த வாகனம் எந்தச் சாலையில் ஓடும், அந்தச் சாலையில் லாரி என்ன வேகத்தில் வரும் என்ற கேள்வி கல்வித் துறைக்கும் உரியதல்ல, நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியதல்ல என்றாகிவிட்டது. பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் விகிதம் 32 விழுக்காடு கூடியதாக 2017இல் எழுதினர். திட்டத்தின் கல்விப் பயனை அளக்க அறிஞர்கள் கிடைத்துவிட்டார்கள். சாலைப் பக்கத்தை அளக்க அதே அளவு அக்கறை இன்னும் வரவில்லை.

ஆகவே சைக்கிள் மரணம் குறைகிறது என்ற செய்தியை இரண்டு விதமாகப் படிக்கலாம். சாலை பாதுகாப்பாக மாறியிருக்கலாம். அல்லது அஞ்சியவர்கள் சாலையை விட்டே போயிருக்கலாம். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 தொடங்கி இன்றைய ஸ்கூட்டி வரை, மீன் கூடையும் பால் கேனும் காய்கறி மூட்டையும் சைக்கிள் கேரியரிலிருந்து மோட்டாருக்கு இடம் மாறின. சைக்கிளில் சாக வேண்டியிருந்தவர் பைக்கில் செத்தால் ஒரு பத்தியில் எண் இறங்கும், அடுத்த பத்தியில் ஏறும். இருசக்கர வண்டிகளின் 44 விழுக்காட்டை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

3. பாதையா, சந்திப்பா, கூட்டமா

தனிப்பாதை பற்றிய சண்டை சைக்கிளுக்கு ஏறத்தாழச் சமவயது. 1934இல் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் முதல் சைக்கிள் பாதை திறந்தபோது எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தினரே. சாலை எங்களுடையதும்தான், ஓரத்துக்கு ஏன் தள்ளுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவில் ஜான் ஃபாரெஸ்டர் 1970களில் இதையே ஒரு கோட்பாடாக்கினார். சைக்கிள்காரர் வண்டியோட்டி போலவே நடந்துகொண்டால் வண்டியோட்டி போலவே நடத்தப்படுவார் என்றார் அவர். உடல் வலுவுள்ள, வேகமாக மிதிக்கக்கூடிய நடுவயது ஆணுக்கு அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். முழங்காலுக்கு மேலே புத்தகப் பையும் பின்னால் தங்கையுமாகப் போகும் மாணவிக்கு அந்தக் கோட்பாட்டில் இடமில்லை.

எதிர்த்தரப்புச் சான்றுகளில் வலுவானது கே டெஷ்கேயும் குழுவினரும் டொரண்டோ, வான்கூவர் நகரங்களில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு. அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 690 பேரின் பயணத்தை எடுத்துக்கொண்டு, விழுந்த இடத்தையும் அதே பயணத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்த இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டனர். ஆள் ஒருவரே, வானிலை ஒன்றே, வண்டி ஒன்றே என்பதால் மாறுவது இடம் மட்டும். ஓரத்தில் கார்கள் நிற்கும், சைக்கிளுக்கு வசதியில்லாத பெருஞ்சாலையோடு ஒப்பிட்டால், தடுப்பால் பிரிக்கப்பட்ட பாதையில் ஆபத்து ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் ஆபத்து கூடியது. பாதாளச் சாக்கடைக்காக ஆண்டுக்கணக்கில் தோண்டியும் மூடியும் கிடந்த சாலைகளை நினைவில் வைத்திருக்கும் கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக ஒரு சான்று சைக்கிள் நகரமாகக் கருதப்படும் கோபன்ஹேகனிலிருந்தே வருகிறது. சோரன் யென்சன் 2008இல் வெளியிட்ட கணிப்பின்படி, பாதை போட்ட தெருக்களில் சைக்கிள் போக்குவரத்து 18 முதல் 20 விழுக்காடு கூடியது, ஆனால் விபத்தும் காயமும்கூட ஏறத்தாழ 9 முதல் 10 விழுக்காடு கூடின. நேர்ச்சாலைப் பகுதிகளில் விபத்து குறைந்தது, சந்திப்புகளில் கூடியது. பாதைக்காக ஓரத்தில் வண்டி நிறுத்தத் தடை விதித்ததால், நிறுத்த இடம் தேடிய கார்கள் கிளைத்தெருக்களில் திரும்பத் தொடங்கின. அந்தத் திருப்பங்களில் மோதல் நடந்தது. பாதை ஆபத்தை நீக்கியதோடு ஒரு பகுதியை இடம் மாற்றியும் வைத்தது. பாதைக்குப் பணம் ஒதுக்கிச் சந்திப்பை மறந்துவிடும் எந்த நகராட்சிக்கும் இது எச்சரிக்கை.

மூன்றாவது விளக்கம் கூட்டத்தைப் பற்றியது. பீட்டர் ஜேக்கப்சன் 2003இல், சைக்கிள்காரர் எண்ணிக்கை இரட்டித்தால் விபத்து இரட்டிப்பதில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுகிறது என்று பல நகரங்களின் தரவைக் கொண்டு காட்டினார். கூட்டம் இருந்தால் ஓட்டுநர் எதிர்பார்த்து ஓட்டுவார் என்பது அவர் தரும் காரணம். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கூட்டம் பாதுகாப்பைத் தந்ததா, பாதுகாப்பான சாலை கூட்டத்தைச் சேர்த்ததா என்பதை அந்தத் தரவால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பள்ளி விடும் நேரத்தை நினைத்தால், ஜேக்கப்சன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து வரும்போது பஸ் ஓட்டுநர் காலைப் பிரேக்கில் வைக்கிறார். அதே சாலையில் இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து தனியாக வரும் பிள்ளைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

நெதர்லாந்து இந்த மூன்றையும் ஒன்றாக்கிய விதம் இங்கே குறிக்கத் தக்கது. 1971இல் அங்கே சாலையில் இறந்தோர் ஏறத்தாழ 3,300 பேர், அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். அதை எதிர்த்து எழுந்த பெற்றோர் போராட்டமும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து கொள்கையைத் திருப்பின. பின்னாளில் அங்கே உருவான கோட்பாடு எளியது: வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாத தெருவில் எல்லோரும் கலந்து போகலாம், அதற்கு மேல் போகும் சாலையில் பிரித்தே ஆக வேண்டும். கேட்க வேண்டியது பாதை உண்டா இல்லையா என்பதல்ல, இந்தத் தெருவில் வேகம் என்ன என்பது.

4. 1962இல் எழுதிவைத்தது

சைக்கிள் பாதை மேலைநாட்டு இறக்குமதி என்று நினைப்போருக்கு ஒரு தகவல். இந்தியச் சாலைப் பேரவை 1962லேயே சைக்கிள் பாதைக்கான வடிவமைப்பு நெறியை வெளியிட்டது. அதன்படி, மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் போகும் சாலையில் உச்ச நேரத்தில் 400 சைக்கிள்கள் போனால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வண்டிகள் 200ஐத் தாண்டினால் 100 சைக்கிள்களே போதும். இன்று தமிழ்நாட்டில் 200ஐத் தாண்டாத நகரப் பெருஞ்சாலை அரிது. அரசுப் பள்ளி விடும் நேரத்தில் 100 சைக்கிள்கள் எண்ணுவதும் கடினமல்ல. இந்த நெறி 2015இல் திருத்தி வெளியிடப்பட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 198அ பிரிவோ, வகுத்த தரத்தின்படி சாலையை வடிவமைக்காமல் மரணத்துக்கோ ஊனத்துக்கோ காரணமாகும் அமைப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நெறியும் சட்டமும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்கும் மேசையைத்தான் காணோம்.

பெரிய நகரங்கள் போட்ட பாதைகளின் கதி கலவையானது. டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டர் பேருந்துத் தடத்தோடு சைக்கிள் பாதையும் வந்தது. பைக்குகள் அதில் புகுந்தன. கார்க்காரர் கோபம் வென்று, சில ஆண்டுகளில் தடமே இடிக்கப்பட்டது. கொல்கத்தா மறுபக்கம் போய் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்கே தடை போட்டது. சைக்கிள்காரர் அடிபடாமல் இருக்கச் சைக்கிளை அகற்றுவது என்பது கணக்கைச் சரிசெய்யும் வழி, அவ்வளவே. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடைபாதைகள் அதனால் பயன் பெற்றன, சைக்கிள் பெற்றது குறைவு.

5. முதுநகர்: ஓரத்தின் பிரச்சினை

கடலூர் ஒரே ஊராக வளர்ந்த ஊர் அல்ல. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம், முதுநகர் என்று பிரிந்து கிடந்தவற்றைக் கெடிலமும் உப்பனாறும் ரயில் பாதையும் குறுக்கே வெட்டுகின்றன. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலத்தையோ சுரங்கப்பாதையையோ கடந்தாக வேண்டும். கெடிலத்தின் மேல் அண்ணா பாலம், லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே சுரங்கப்பாதை என்று எல்லா வண்டிகளும் ஒரே கழுத்தில் நெருக்குகின்றன. மோட்டார் வண்டிக்கு அங்கே தாமதம் மட்டும்தான். ஏற்றத்தில் வேகம் குறைந்து தள்ளாடும் சைக்கிளுக்கு அது ஆபத்து.

முதுநகரிலிருந்து தெற்கே போகும் சிதம்பரம் சாலைதான் இக்கட்டுரையின் மையம். துறைமுகம், மீன் வணிகம், பிறகு குடிகாடு, காரைக்காடு, சிப்காட் தொழிற்பேட்டை, அதைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். இந்தச் சாலையில் டேங்கர் லாரியும் தொலைதூரப் பேருந்தும் ஷிப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் சைக்கிளும் ஒன்றாக ஓடுகின்றன. சைக்கிள்காரருக்குக் கிடைப்பது ஓரம். அந்த ஓரத்தின் தரம்தான் அவருடைய பாதுகாப்பு.

ஓரம் என்பது என்ன என்று பொறியியல் கண்ணோடு பார்ப்போம். தார் போட்ட சாலையின் மேல் மறுபடி தார் போடும்போது மையம் உயர்கிறது, ஓரத்து மண் உயர்வதில்லை. சில முறை போட்டபின் தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு படி உண்டாகிறது. பின்னால் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் அந்தப் படியில் இறங்க வேண்டும். மெல்லிய டயர் அங்கே சறுக்கும். இறங்காமல் நின்றால் பேருந்து. மழைக்காலத்தில் படி தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். புயலும் வெள்ளமும் ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் வரும் இம்மாவட்டத்தில், ஆண்டில் சில வாரங்களாவது ஓரமே இருக்காது. இதைச் சரிசெய்ய சைக்கிள் பாதை என்ற பெயர்ப்பலகைகூட வேண்டாம். தாரின் மட்டத்துக்கே, ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கெட்டியான ஓரம் போட்டு, கடைக்காரரின் தட்டியும் லாரி நிறுத்தமும் அதில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதைச் செய்ய ஜல்லி வாங்குவது எளிது, தட்டியை எடுக்கச் சொல்வதுதான் கடினம்.

நெல்லிக்குப்பம் சாலையில் இன்னொரு வகை ஆபத்து. அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர் டிரெய்லர்கள் தம் அகலத்துக்கு மீறிப் பிதுங்கி ஓடுகின்றன. கழி நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்குப் பின்விளக்கு தெரியாது. சைக்கிளுக்கும் டைனமோ விளக்கு போய் நெடுநாளாகிறது. விளக்கில்லாமல் ஓட்டினால் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரரின் காலம் கடுமையானதுதான், ஆனால் அன்று டைனமோ இல்லாத சைக்கிள் அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6. சிதம்பரம்: தேர் ஓடும் தெரு

சிதம்பரத்தின் கீழவீதி, மேலவீதி, தெற்குவீதி, வடக்குவீதி நான்கும் அகலமானவை. சைக்கிள் பாதைக்கு இவ்வளவு பொருத்தமான தெருக்கள் தமிழ்நாட்டில் குறைவு என்று வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அங்கே தடுப்புக் கட்டைகள் வைக்க இயலாது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஆண்டில் இருமுறை தேர் ஓடும் தெரு அது. தேருக்கு முழு அகலமும் வேண்டும். நிலையாகக் கட்டும் எதையும் தேர் ஏற்காது.

இந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறேன். பிரிக்க முடியாத தெருவில் மிஞ்சியிருப்பது வேகத்தைக் குறைப்பது, நிறுத்தத்தை ஒழுங்குசெய்வது. நெதர்லாந்தின் கோட்பாடு சொல்லும் கலந்த தெருவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கோயிலுக்கு வருவோர், பூக்கடை, நடப்போர், மாடு எல்லாம் ஏற்கெனவே வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. குறுக்கே நிற்பது ஓரங்களில் வரிசையாக நிற்கும் கார்களும் சுற்றுலா வேன்களும். அவற்றின் கதவு திறக்கும் தூரத்தில் மிதிக்காமல் இருக்கச் சைக்கிள்காரர் நடுவுக்கு வருகிறார், நடுவுக்கு வந்தால் திட்டு வாங்குகிறார். கனடா ஆய்வு ஓரத்தில் கார் நிற்கும் பெருஞ்சாலையையே ஒப்பீட்டுக்கு மோசமான எல்லையாக வைத்தது தற்செயல் அல்ல.

ஊருக்குக் கிழக்கே, 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு படம். மரநிழல் உள்ள உள்சாலைகள், விடுதிக்கும் துறைக்கும் இடையே பழைய சைக்கிளில் போகும் மாணவர் கூட்டம். வளாகத்துக்குள் சைக்கிள் ஓட்ட யாரும் பாதை கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. ஆபத்து ஊருக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையே ரயில் மேம்பாலத்தில் இருக்கிறது. மேலே ஏறும்போது சைக்கிளின் வேகம் நடைவேகத்தை ஒட்டி இறங்கும், பின்னால் வரும் பேருந்துக்கு முந்தத்தான் தோன்றும். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான இந்த இணைப்பில் மட்டும் தடுப்போடு கூடிய பாதை போட்டால், வளாகத்தின் அமைதி ஊர் வரை நீளும். பாதுகாப்பு ஆய்வுகள் வலைப்பின்னல் என்று சொல்வது இதைத்தான்: நல்ல சாலை இரண்டுக்கு நடுவே கெட்ட பாலம் ஒன்று இருந்தால் பெற்றோர் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

7. வேகமும் புதிய சாலையும்

2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்த உச்சவேக வரம்பு, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கு 60 கிலோமீட்டர். உலக சுகாதார நிறுவனமும் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் மக்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் வற்புறுத்துவது 30. மாநிலங்கள் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். சென்னைக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று அறிவித்தது. சிதம்பரத்தின் நான்கு வீதிகளுக்கும் முதுநகரின் கடைத்தெருவுக்கும் இதே அறிவிப்பைத் தர எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் செல்லும் நான்குவழிச் சாலை, பூண்டியாங்குப்பத்தை ஒரு கட்ட எல்லையாகக் கொண்டு, கடலூர் நகருக்குள் நுழையாமல் விலகிச் செல்லும்படி அமைகிறது. நான்குவழிச் சாலை சைக்கிளுக்கு நல்லதல்ல. நடுத்தடுப்பில் திறப்பு தொலைவில் இருந்தால், எதிர்ப்பக்க வயலுக்குப் போக விரும்புபவர் இரண்டு கிலோமீட்டர் சுற்றுவதற்குப் பதில் எதிர்த்திசையில் இருநூறு மீட்டர் மிதிப்பார். விபத்து நடந்தால் பதிவில் எதிர்த்திசைப் பயணம் என்று எழுதி, பழியை அவர்மேல் போட்டுவிடுவார்கள். திறப்பை எங்கே வைத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஊர்கள் உள்ள இடத்தில் சர்வீஸ் ரோடு இடைவெளியின்றி ஓடுகிறதா என்பதைச் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையில் முதல் வரியாகச் சேர்க்க வேண்டும்.

ஆனால் தொலைதூர வண்டிகள் விலகிச் சென்றபின் முதுநகர் வழியாகப் போகும் பழைய சாலையில் அகலம் மிஞ்சும். இப்படி விலக்கப்பட்ட பகுதியை ஒருமுறை செப்பனிட்டு மாநில அரசிடம் ஒப்படைப்பது தேசிய நெடுஞ்சாலைத் துறையின் வழக்கம். ஒப்படைப்புக்கு முன் நடக்கும் அந்த ஒரு செப்பனிடலின் மதிப்பீட்டில் கெட்டி ஓரமும் சந்திப்புத் திருத்தமும் சேர்ந்தால் பணம் ஏற்கெனவே இருக்கிறது. சேராவிட்டால், மிஞ்சிய அகலத்தை ஒரு சில ஆண்டுகளில் லாரி நிறுத்தமும் தட்டிக் கடைகளும் எடுத்துக்கொள்ளும். பிறகு சைக்கிளுக்கு இடம் கேட்பவர் ஆக்கிரமிப்பு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். மதிப்பீடு தயாராவதற்கு முன் ஒரு வாரம், பள்ளி விடும் நேரத்திலும் சிப்காட் ஷிப்டு மாறும் நேரத்திலும் முதுநகரில் நின்று சைக்கிளை எண்ண ஆள் வேண்டும். 1962இன் நெறி கேட்பது 100.